கமராவில் விழுந்த உளுந்து வடை

மிருகம் அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கமராவை மரத்தில் எப்படிக் கட்டுவது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் எறிந்தவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றவளுக்கு ஒஃபிஸ் கதை எட்டாது என்று நினைக்கவேண்டாம்.

நீங்கள் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களாம். அதில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்க வருமாம். அந்த மூவரும் மற்ற இருவருக்கும் வாசித்துச் சொல்லுங்கள். ஏன் ஆங்கிலத்தில் எழுதவில்லை என்று அவர்கள் கேட்டால், இருபத்திரண்டு வருடம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லுங்கள்.

நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் சனம் நிறைய இருக்கும் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் என்னைக் கேட்டார்.

"மான் எண்ணுறதுக்கும் இஞ்சை சம்பளம் குடுக்கிறாங்களோ?"

"ஓம் அண்ணை, எண்ணுற எனக்குக் குடுக்கிறாங்கள். மானுக்குத்தான் ஒண்டும் இல்லை" என்றேன்.

உங்களிடமும் கேட்பார்கள். சிரித்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: ஓரிடத்தில் றோட்டை அகட்ட முன்னர், அந்த வழியால் எந்தெந்த மிருகங்கள் போய்வருகின்றன என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். நாங்கள் கமரா கட்டிப் பார்த்துச் சொல்கிறோம். நாங்கள் சொன்னதை வைத்துத்தான் அந்த மிருகங்களுக்கு வழி விடுவதா, அடைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். முடிவெடுக்கும் அந்தக் கூட்டங்களுக்கு மானால் வரமுடியாது. அதற்குப் பதிலாக எங்கள் அறிக்கைத் தாள் போகிறது. அந்தத் தாளில் நான் ஒருமுறை பொய் எழுதினேன். தெரியாமல் எழுதினேன் என்பது உண்மைதான். ஆனாலும் பொய் பொய்தான்.

டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் உயரமான அப்பார்ட்மென்ட் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. ஓடைக்கு மேலே றோட்டு. றோட்டுக்குக் கீழே பழைய கொங்கிறீற் மதகு, ஓர் ஆள் குனியாமல் நடந்துபோகும் உயரம். றோட்டை அகட்டும்போது அந்த மதகை எடுத்துவிட்டு ஒடுங்கிய குழாய் போடுவதாகத் திட்டம். மான்கள் அந்த வழியைப் பாவிக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. பாவித்தால் மதகு பெரிதாக வரவேண்டும். இல்லாவிட்டால் குழாய் போதும். குழாய்க்குள் மான் போகாது, மறுபக்கத்து வெளிச்சம் தெரியாத ஓட்டைக்குள் அது தலையை நீட்டாது. ஆகவே மேலே ஏறி றோட்டைக் கடக்கும். அந்த றோட்டில் ஏற்கெனவே ஒரு மான் காரில் மோதி, ஓட்டிய பெண்ணின் கை முறிந்திருந்தது. மான் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

எங்கள் மனேஜர் சென்னைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்ட மனிதர் இல்லை, வேலை குவிந்துகிடந்த மனிதர். கமராவில் போடவேண்டிய அமைப்புகளை ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார். ஓர் அசைவுக்கு ஒரு படம். அடுத்த படத்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும் கமரா விழித்திருக்கும்.

"மான் காலையிலயும் சாயங்காலமும்தான் நடமாடும் மேடம். மத்த நேரமெல்லாம் அணிலும் இலையும்தான் விழும். யாரு உக்காந்து பாக்கறது?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. பற்றரியும் நிலைக்கும். தாளில் இருந்ததை அப்படியே போட்டேன். மூன்று வாரத்தில் ஒரேயொரு பெண்மான், ஆறு தடவை. 'ஒரு மான் இடைக்கிடை வந்துபோகிறது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அறிக்கை போன மறுநாள் பனி கொட்டியது. கமராக்களைக் கழற்றிக்கொண்டு வருவதற்கு நானும், என்னோடு வேலை செய்த ஒருவரும் போனோம். அவர் பெயரை எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவார், அதனால் அவருடைய ஊர்ப் பெயரால் ஒஷாவாக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வார விடுமுறையில் வேட்டைக்குப் போகிறவர். இந்த வேலையில் எனக்கு மரியாதை வந்த ஒரே மனிதர் அவர். அவர் பேசியது ஆங்கிலம். நான் எழுதுவது என் வாய்த் தமிழ்.

மதகு வாசலில் அவர் குந்தி உட்கார்ந்து பனியைப் பார்த்தார்.

"எத்தினை மான் எண்டு எழுதினனீர்?"

"ஒண்டு."

"இஞ்சை நாலு நடந்திருக்கு."

காட்டினார். ஒரு நடுத்தரக் குளம்பு. அதன் மேலேயே மிதித்தபடி இரண்டு சின்னக் குளம்புகள். எல்லாவற்றுக்கும் மேலே, கால்நுனியை இழுத்துக்கொண்டு போன ஒரு பெரிய குளம்பு.

"தாய்தான் முதல் வரும். பயமில்லை எண்டு கண்டாப் பிறகுதான் குட்டியள் வரும். கிடாய் எல்லாரையும் முன்னுக்கு அனுப்பிப்போட்டு, தனக்கு ஒண்டும் நடக்காதெண்டு தெரிஞ்சாப் பிறகு வரும். ஆம்பிளையள்தானே" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "உம்மடை கமரா தாயைப் படம் எடுத்துப்போட்டு அஞ்சு நிமிசம் நித்திரை கொண்டிருக்கு. மிச்சப் பேர் அதுக்குள்ளை போயிட்டினம்."

எனக்கு முகம் சுட்டது. கமராக்களைக் கழற்றவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. நாள் முழுதும் விழித்திருக்கும்படி போட்டேன். ஓர் அசைவுக்கு மூன்று படம், இடைவெளி கிடையாது. குளிரில் உடம்புச் சூடு கமராவுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் உணர்திறனை ஒரு படி குறைத்தேன், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் கிளையெல்லாம் படமாக விழும். இந்த ஒரு வரிதான் இன்று உங்களுக்கு நான் சொல்லித்தரும் தொழில்நுட்பம். மிச்சத்தை அந்தச் சின்னப் புத்தகத்தில் பாருங்கள்.

ஒரு கிழமை கழித்து, ஏழு நாள் படங்களோடு கமராவின் கார்டை எடுத்துவந்து இருவரும் பார்த்தோம். நாலு மான்களும் இருந்தன. ஆனால் பட்டப்பகலில், மதியம் பன்னிரண்டரைக்கு, மதகுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. ஒரே நேரம், ஒரே இடம், ஒவ்வொரு நாளும். ஒஷாவாக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"பனிக்குள்ளை மான் என்னத்தைத் தின்னுது? யாரும் உப்பு வைக்கினமோ? உது என்ன, சின்ன டோனட்டோ?"

பெரிதாக்கிப் பார்த்தேன். பொன்னிறம், நடுவில் ஓட்டை. டோனட் இல்லை. உளுந்து வடை. வடையைக் கண்டபிறகுதான் அதைச் சுற்றியிருந்த வெள்ளை முழுக்கப் பனி இல்லை, பாதி சோறு என்று புரிந்தது. சனிக்கிழமைப் படம் அது. அதற்கு முந்திய படத்தில் ஓர் அம்மா நின்றார். தடிப்பான குளிர்கோட்டு, அதற்குக் கீழே சேலைக்கரை, அதற்குக் கீழே பனிச்சப்பாத்து. கையில் எவர்சில்வர் தட்டு. காகத்துக்குச் சோறு வைக்க வந்திருக்கிறார்.

மறைப்பது என் பழக்கம் இல்லை. மனேஜரிடம் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"மேடம், இது வடை."

"ஓம்."

"நம்ம ஆளு."

"ஓம்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இத அனுப்பினா என்ன ஆகும்னு யோசிங்க. மான் சோத்துக்குத்தான் வருது, சோத்த நிறுத்துங்க, குழாய் போதும்னு சொல்லிடுவாங்க. அதுக்கு மேல, காட்டு மிருகத்துக்குத் தீனி போடறது இங்க சட்டப்படி தப்பு. அந்தம்மா மூஞ்சி தெளிவா இருக்கு. கட்டடத்துல நோட்டீஸ் ஒட்டுவாங்க, தண்டம் போடுவாங்க. பேசாம இந்தக் கார்ட விட்டுடுங்க. முதல் ரிப்போர்ட் போயிடுச்சு. அதுவே இருக்கட்டும். அந்தம்மாவுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களை வளைக்க வருகிறவர்கள் எல்லாரும் அதட்டிக்கொண்டு வருவதில்லை. சிலர் உண்மையான இரக்கத்தோடு வருவார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. படங்களை அனுப்பினால் அந்த அம்மா மாட்டுப்படுவார். அனுப்பாவிட்டால் என் பொய்க் கையெழுத்து நிற்கும், மதகு போகும், மான்கள் றோட்டில் ஏறும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இந்த இரண்டுதான் இருக்கின்றன என்று யார் தீர்மானித்தது?

"மதகைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு. எனக்கு அந்த மூன்று கிழமையும் வேணும்" என்றேன்.

"ஷீட்டுல இல்லாதத செய்யறீங்க மேடம். தப்பாப் போச்சுன்னா நான் உங்கள இந்த ப்ராஜெக்ட்ல வச்சிருக்க முடியாது."

"வைக்காதேங்கோ" என்றேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே மதகடியில் போய் நின்றேன். அம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் பெயரையும் எழுதமாட்டேன். ஏன் என்று பின்னால் விளங்கும்.

"அக்கா, ஒரு கதை கதைக்கவேணும்."

"நீர் ஆர் பிள்ளை? கட்டடத்தாலை வந்தனீரோ?"

நான் மான் எண்ணுகிறவள் என்று சொன்னேன். நம்பவில்லை. அவருடைய கணவர் போன தை மாதம் தவறியிருக்கிறார். ஆண்டுத் திவசம் வரும்வரை ஒவ்வொரு நாளும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவதாகச் சொன்னார். பதினோராம் மாடி. பல்கனியில் சோறு வைத்தபோது கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். அதனால் இங்கே வருகிறார். சனிக்கிழமையில் வடையும் உண்டு, அது கணவருக்குப் பிடித்ததாம்.

"நீங்கள் போனாப் பிறகு அதை மான் வந்து தின்னுது அக்கா."

"கண்டனான். நான் கூப்பிடேல்லை."

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவருக்கு விளங்கட்டும் என்று கையிலிருந்த கருவியில் கார்டைப் போட்டு ஒரு படத்தைக் காட்டினேன். இத்தனை வருடத்தில் என் கமராவில் விழுந்த படங்களிலேயே சிறந்த படம் அது. அம்மா தட்டோடு நிற்கிறார். நாலடி தூரத்தில் தாய்மான் காதை விறைத்தபடி நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதகின் விளிம்பில் ஒரு காகம், தன் முறைக்குக் காத்திருப்பதுபோல.

அவர் மானைப் பார்க்கவில்லை. தன் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்னைக் கேளாமல் ஏன் எடுத்தனீர்?"

"நான் எடுக்கேல்லை அக்கா, கமரா தானா..."

"கமராவை ஆர் கட்டினது? சண்டைக் காலத்திலை ஒளிச்சு நிண்டு படம் எடுத்துக் காட்டிக் குடுத்தவையாலை எங்கடை ஊரிலை எத்தினை பேர் காணாமல் போனது எண்டு உமக்குத் தெரியாதோ? நீர் எந்த ஊர்?"

எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், ஆள் நடமாடும் இடத்தில் ஆளின் முகத்துக்கு நேரே கமராவைக் கட்டியிருந்தேன். ஐந்து நிமிட இடைவெளி மனேஜரின் தாளில் இருந்த பிழை. இது முழுக்க என்னுடைய பிழை. வெட்கமாக இருந்தது.

"அழிக்கிறன் அக்கா."

"இப்ப. என்ரை முன்னாலை."

ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் குனிந்து எண்ணிக்கொண்டு நின்றார். எங்கள் கம்பனி விதியிலேயே மனிதர் படம் விழுந்தால் அழித்துவிடவேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெரிய இடத்திலிருந்து யாராவது கேட்டால் மட்டும் அந்த விதி எல்லாருக்கும் மறந்துபோகும். நாலடி தூரத்து மான் படம் கடைசியாக வந்தது. என் விரல் ஒரு கணம் தயங்கியதை அவர் கண்டார். அதையும் அழித்தேன்.

பிறகுதான் அவர் என் பக்கம் கேட்டார். மதகு, குழாய், றோட்டு, எல்லாம் சொன்னேன். இரண்டு கிழமைக்குச் சோறு வைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏலாது" என்றார். ஒரே சொல்.

"சரி. தட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. காகம் திண்டாப் பிறகு மிச்சத்தை வீட்டை கொண்டுபோங்கோ. நிலத்திலை ஒரு பருக்கையும் விடவேண்டாம்."

யோசித்தார். "காகம் ஆள் நிண்டால் வராது."

"நானும் வந்து நிக்கிறன்."

நின்றோம். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் பின்னேரம்வரை பட்டினி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்து தட்டின் விளிம்பில் ஒரு கொத்து கொத்திவிட்டுப் பறந்தது.

"காணும், இவ்வளவு போதும், அவர் எப்பவும் கொஞ்சமாத்தான் சாப்பிடுவார்" என்றார் அம்மா.

கமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, மதகின் வாசலை மட்டும் பார்க்கும்படி திருப்பியிருந்தேன். மனிதர் நடந்தால் சப்பாத்து மட்டும் விழும். மான் நடந்தால் முழுதும் விழும். ஆள் நடமாடும் எந்த ஓடைக்கரையிலும் இனி நீங்கள் அப்படித்தான் கட்டவேண்டும், யார் என்ன தாள் தந்தாலும்.

நிலத்தில் சோறு விழுவது நின்றதும் மான்கள் வருவதும் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். கார்டில் சப்பாத்துகள் மட்டும். எனக்குப் பயம் வந்தது, அதை மறைக்கவில்லை. மான்கள் சோற்றுக்கு மட்டுமே வந்தவை என்றால் மனேஜர் சொன்னது சரி, குழாயும் சரி, நான் ஒரு விதவையைக் குளிரில் பட்டினி போட்டதுதான் மிச்சம். ஒஷாவாக்காரரிடம் சொன்னேன். "மான் உம்மடை கூட்டத் திகதி பார்த்து நடக்காது. கமராவை விட்டிட்டு இரும்" என்றார்.

ஆறாம் நாள் கார்டில், காலை பத்து மணிக்கு, தாய்மான் மதகுக்குள் நுழைந்தது. முப்பது செக்கன் கழித்து ஒரு குட்டி. அதன் பின்னால் மற்றது. நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை, வெறும் மதகு. பிறகு கொம்போடு கிடாய், அவசரமே இல்லாமல். அன்றிலிருந்து கூட்டம்வரை ஒன்பது தடவை அவை மதகுக்குள்ளால் போய்வந்தன. அங்கே தின்ன ஒன்றும் இருக்கவில்லை. அது அவற்றின் வழி, அவ்வளவுதான். பத்து மணிக்குத் தாளின்படி கமரா நித்திரை. விழித்திருந்தாலும் ஐந்து நிமிட இடைவெளியில் தாய் மட்டும்தான் விழுந்திருக்கும்.

கூட்டத்தில் றோட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் என் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் என் கையெழுத்து.

"எது உண்மை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இரண்டாவது. முதலாவது பிழை. அதில் கையெழுத்து வைத்தது நான்தான், பிழையும் என்னுடையது" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

அவர் இரண்டாவது அறிக்கையில் ஒரு வரியில் விரலை வைத்தார். 'அயலவர் ஒருவர் இவ்விடத்தில் காகங்களுக்கு உணவு வைத்துவந்தார். கேட்டுக்கொண்டதும் உணவை நிலத்தில் விடுவதை நிறுத்தினார். அதன் பின்னர் எடுத்த படங்கள் மட்டுமே இந்த எண்ணிக்கையில் சேர்ந்துள்ளன.' அந்த வரியை நான் ஒளிக்கவில்லை. நடந்ததை எழுதினேன், முகத்தை மட்டும் எழுதவில்லை.

"யார் அந்த ஆள்? படம் இருக்கவேண்டுமே."

"இல்லை. அழித்துவிட்டேன்."

"யார் என்றாவது தெரியுமா?"

"தெரியும். சொல்லமாட்டேன். எங்களிடம் மானை எண்ணத்தான் கேட்டீர்கள்."

அவர் மனேஜர் பக்கம் திரும்பினார். உங்கள் ஆட்கள் இப்படித்தான் படங்களை அழிப்பார்களா என்று கேட்டார். மனேஜர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: மனிதர் படத்தை அழிக்கவேண்டும் என்பது எங்கள் விதி, அவர் விதிப்படி செய்திருக்கிறார். அந்த ஒரு வசனத்துக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் முக்கால்வாசியை விட்டுவிட்டேன்.

கால்வாசியை வைத்திருக்கிறேன். ஏனென்றால் அடுத்த கிழமையே என்னை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். பனி கரைந்ததும் சதுப்பு நிலங்களுக்குத் தவளை எண்ண அனுப்பினார். முழங்கால் சேற்றில் நின்று, கத்துவது எந்தத் தவளை என்று காதால் கேட்டு எழுதும் வேலை. மூன்று வருடம். பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. உங்களுக்கும் வராது, அதை எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மதகு பெரிதாக வந்தது. முன்னையதைவிட அகலம். போய்ப் பாருங்கள், மறுபக்கத்து வெளிச்சம் நன்றாகத் தெரியும். அதற்கெல்லாம் முன்னர், அந்தத் தை மாதமே, திவசத்துக்கு என்னை அழைத்திருந்தார் அந்த அக்கா. பதினோராம் மாடியில் ஐந்து வடை சாப்பிட்டேன். "சோறு வைச்சதைக் கேட்டு இஞ்சை ஆரும் என்னைத் தேடி வரேல்லை" என்றார், ஆறாவது வடையை என் தட்டில் வைத்தபடி. அந்த மதகு கட்டி முடிந்தபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை.

நாளைக்கு உங்களுக்கும் ஒரு தாள் தருவார்கள். மனேஜர் மாறிவிட்டார், கமராக்கள் மாறிவிட்டன, ஆனால் தாள் மாறவில்லை என்று கேள்விப்பட்டேன். இடைவெளி என்ற இடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் என்றுதான் இருக்கிறதாம். பேனையை எடுத்து வெட்டுங்கள். யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். என்னை இனி எங்கே அனுப்பப்போகிறார்கள்? தவளைகளைத்தான் நான் ஏற்கெனவே எண்ணிவிட்டேனே.